நீர்க்குவளை

உப்பிலியபுரத்தில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர், திருச்சிராப்பள்ளியில் முதியோர் இல்லமொன்றில் இருக்கிறார். அதன் பளிங்குத் தரையையும் பூந்தொட்டிகளையும் கண்டு, 'தக்க இடம்' என்று அவர்தம் மகனுக்குக் கூறியவன் யானே.

சென்ற திங்கள் அவரைக் காணச் சென்றேன். நாவறண்டு கிடந்தார், நீர்க்குவளையோ கைக்கு எட்டாத் தொலைவில் இருந்தது. புரட்டிக் கிடத்துவார் இன்மையால் முதுகில் படுக்கைப்புண் கண்டிருந்தது.

பணிவிடையை மருந்துக்கு நிகராக மதித்தவர் நம் முன்னோர். 11ஆம் நூற்றாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையில் மருத்துவரோடு செவிலியரும் இருந்தமையைக் கூறுகின்றது. வள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் பணிவிடை செய்வோனையும் ஒன்றாக வைத்தார்.

மாணவர்களே, இல்லத்தின் தகுதியை வாயிலில் நின்று அளவாதீர். படுக்கையருகே நின்று அளந்தறிமின். அன்று குவளையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பருகி முடிக்கும்வரை என் தலை நிமிரவில்லை.