மாயாற்றங்கரையில் ஒரு பாறு

2025 ஜனவரி 12, ஞாயிறு

மாடு மேய்க்கும் அண்ணன் காலையிலேயே போனில் கூப்பிட்டார். "சார், நீர்மத்தி மரத்தடியில ஒரு பாறு உக்காந்திருக்குதுங்க. கிட்டப் போனாலும் பறக்க மாட்டேங்குது."

வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு. சிறகு விரித்தால் ஆறடிக்கு மேல் வரும் பறவை, கழுத்து மார்பில் தொங்கப் புழுதியில் ஒடுங்கிக் கிடந்தது. கண்ணின் உட்சவ்வு மெல்ல மூடித் திறந்தது. வாலிறகில் வெள்ளையாய்க் காய்ந்த எச்சம்.

வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, நாய் அண்டாமல் தள்ளி நின்று காவல் காத்தோம். தண்ணீர் புகட்டலாமா என்றார் அண்ணன். மூச்சுக்குழலில் இறங்கிவிடும், வேண்டாம் என்றேன். மதியம் துணி போர்த்தி எடுத்துப் போனார்கள்.

ஜனவரி 13, திங்கள்

காயமில்லை, எலும்பு முறிவுமில்லை. சிறுநீரகத்தை நினைத்தால்தான் பயம் என்கிறார் மருத்துவர். வலிக்கு டைக்ளோஃபீனாக் ஊசி போட்ட மாடு சில நாளில் செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழக்கும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் இதை நிறுவியது. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு அழிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடையானது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-இல் அவற்றையும் நிறுத்தினார்கள். 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபீனாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

விடியுமுன் பாறு இறந்துவிட்டது. உடற்கூறாய்வில் கல்லீரல்மீதும் இதயத்தின்மீதும் மாவு தூவியது போல் யூரிக் அமிலப் படிவு; சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். எந்த மருந்து என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இது கூடு வைக்கும் பருவம். ஆண்டுக்கு ஒரே முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி ஊட்டினால்தான் குஞ்சு தேறும். இந்தப் பறவைக்கும் எங்கோ ஒரு கூடு இருந்திருந்தால், அதுவும் போயிற்று.

சாயங்காலம் கொம்புக்கு வண்ணம் பூசியபடி அண்ணன் கேட்டார்: "அப்ப மாட்டுக்கு வலின்னா என்னதான் போடறதுங்க?"

மெலாக்சிகம் இருக்கிறது, வலியும் வீக்கமும் தணியும், பாறுக்கும் தீங்கில்லை. மாடு வளர்ப்பவர்களே, மருத்துவரிடம் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தடைசெய்த மருந்து போட்ட மாடு செத்தால் ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். காட்டோரம் இழுத்துப் போடாதீர்கள்.