மலைகளைக் கடக்கும் நெடுவழி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரினின்று மேற்கே செல்லும் 70-ஆம் எண் நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கியதும், குன்றொன்றின்மீது 22 அடி உயரத் திரு இருதயச் சுரூபம் தென்படுகிறது. அநாதைச் சிறுமியருக்கெனப் புனித கப்ரீனி அன்னை வாங்கிய நிலம் அது. சுரூபத்தை அடைய 373 படிகள்!

அப்பால் ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில், 1973-இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கம். அதன் முகட்டில் கிழக்கே வீழும் மழைநீர் அட்லாண்டிக்கையும், மேற்கே வீழ்வது பசிபிக்கையும் நோக்கி ஓடும்.

எனினும் வியப்பிற்குரியது, கொலராடோ ஆற்றின் கிளென்வுட் பள்ளத்தாக்கே. அதன் எழில் சிதையலாகாதென மக்கள் வாதாடினர். ஆகவே சாலையைத் தூண்கள்மீது, மேலும் கீழுமாக அமைத்து 1992-இல் முடித்தனர். பொறியியல் மலைக்குப் பணிந்த இடம்! ஆனால் 2020-இல் அங்குக் காடு எரிந்தது. மறு ஆண்டு மழையில், பற்றுவதற்கு வேரில்லாத மண் சரிந்து, சாலை இரு வாரங்களுக்கு மேல் மூடப்பட்டது.