எங்க வீடு எந்த சர்வே நம்பர்?

ஒரு கல்குவாரியை விரிவாக்கத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எதை அளப்பார்கள்? கல்லை. எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை கன மீட்டர், மேல்மண் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று புள்ளி சுத்தமாகக் கணக்கு இருக்கும். எதிரே குடியிருக்கிற சனத்தின் கணக்கு மட்டும் விட்டுப்போகும். தானாக விட்டுப்போவதில்லை.

உத்திரமேரூர் பக்கத்துச் சேரி எங்களுடையது. ஆயா காலத்திலிருந்து கல்லாங்குத்துப் புறம்போக்கில் குடியிருக்கிறோம். ஊர்த்தெருவுக்கு நத்தம் இருந்தது, எங்களுக்குப் பாறைதான் மிச்சம். அந்தப் பாறையை உடைத்துத்தான் கஞ்சி குடித்தோம். நைனா காலத்தில் மிஷின் கிடையாது. ஒருத்தர் கம்பியைப் பிடித்துத் திருப்புவார், இன்னொருத்தர் சம்மட்டியால் அடிப்பார். குழியில் கருமருந்தைக் கெட்டித்துத் திரி வைத்துவிட்டு, "வேட்டு! வேட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். விழுந்த பாறையை ஆப்பு இறக்கிப் பிளப்பார்கள். அம்மாவும் ஆயாவும் ஜல்லி உடைப்பார்கள். முன்பணம் வாங்கினவன் குடும்பத்தோடு குவாரிக்குச் சொந்தம். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது. எங்க நைனா வாங்கின முன்பணத்துக்கு அந்தச் சேதி எட்டவேயில்லை.

எங்க கல்லுக்கு ஒரு பெருமை உண்டு. இது சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரனின் கல்லறையில் இந்த வகைக் கல்தான் இருக்கிறது. சென்னைப் பக்கமிருந்து போன கல் என்பார்கள். 1893இல் ஹாலண்ட் என்ற நிலவியலார் அவன் பேரையே கல்லுக்கு வைத்தார். உடைத்தவன் பேரை எந்தக் கல்லும் சுமக்கவில்லை.

விரிவாக்கத்துக்கான சுரங்கத் திட்ட அறிக்கையை வாங்கி வந்து வேப்பமரத்தடியில் படித்துக் காட்டினேன். ஜாக் ஹாம்மரால் 32 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளைகள். தோட்டாவும் மின் கேப்பும். அதிர்வு குறைய, துளைக்குத் துளை மில்லி செகண்டு இடைவெளி. 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு படி, அதே அளவு அகலம். பிறகு ஹிட்டாச்சி, டிப்பர், கிரஷர்.

நைனாவோடு குழி போட்ட சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "படி விட்டு வெட்டுனா நல்லதுதான்டா, சுவரு சரியாது. இப்ப இருக்கிற குழியில படி எங்க கீது? கிணறு மாதிரி செங்குத்தால்ல எறக்கி வெச்சிருக்கான்."

"துளை போடும்போது தண்ணி விடுவோம்னு எழுதியிருக்காங்க சித்தப்பா."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காய்ந்த பாறையைத் துளைக்கும்போது பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அதற்குப் பேர் சிலிக்கோசிஸ். ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பேர் டிபி. டிபி என்றால் மாத்திரையோடு போச்சு. சிலிக்கோசிஸ் என்றால் அது தொழில் நோய், நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் வருகைப் பதிவேட்டில் பேர் இல்லாதவனுக்குத் தொழிலே கிடையாது, தொழில் நோய் எங்கிருந்து வரும்?

அறிக்கையின் கடைசியில் வரைபடம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்று தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் இருக்கிறது. படத்தில் 300 மீட்டர் வட்டம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சேரியே இல்லை. எப்படி? வருவாய்த்துறைப் பதிவில் உள்ள ஊர் மனை, வீட்டுமனை, இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, இவைதான் குடியிருப்பு என்று அதே விதி விளக்கம் சொல்கிறது. பட்டா கேட்டு எத்தனை மனு கொடுத்திருப்போம்! புறம்போக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். பட்டா தராதவர்களும் அவர்களே, பட்டா இல்லாததால் வீடே இல்லை என்கிறவர்களும் அவர்களே.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி அந்தக் காலத்திலேயே ஜனநாயகம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலையில் பேர் எழுதத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். ஆயிரம் வருஷம் ஆயிற்று. மனை இல்லாதவன் இன்னும் கணக்கில் வரவில்லை.

பக்கத்துக் குவாரிகளோடு சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டியதால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கட்டாயம் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் இல்லை. யாரும் வராவிட்டாலும் நடந்ததாகிவிடும். அதனால் சேரியே திரண்டு போனோம். பெரியம்மா முந்தானையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஐயா, இது எங்க கூரையப் பொத்துக்கினு வுழுந்த கல்லு. கல்லுக்கு எங்க வீடு தெரியுது. உங்க படத்துக்குத்தான் தெரியல."

அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னோம். செய்தார்கள்.

எங்க பையன்கள் டிப்பர் ஓட்டுகிறார்கள், குவாரி மூடினால் முதலில் எங்க அடுப்புதான் அணையும். அது எங்களுக்குத் தெரியாததில்லை. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: முதலில் பட்டா கொடு. இருக்கிற குழியில் படி வெட்டு. தண்ணீர் விட்டுத் துளை போடு. வேலை செய்கிறவன் பேரைப் பதிவேட்டில் எழுது. அப்புறம் திட்டம் போடு.

படித்த தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதிரி அறிக்கை எந்த ஊருக்கு வந்தாலும் வரைபடத்தை முதலில் புரட்டுங்கள். சேரி எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால் சர்வேயரைக் கூட்டி வந்து, அளவுச் சங்கிலியை எங்க வாசப்படியிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள்.