கூத்தர் வீட்டு நாட்காட்டி

சென்ற தைத் திங்களில் ஒரு குடும்பக் காரியத்தை முன்னிட்டுப் பிறந்த ஊராகிய வாணியம்பாடிக்குச் சென்றிருந்தோம். கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பதிப்பாசிரியர் விடுத்த கடிதம் சட்டைப்பையில் இருந்தது. எழுதுதற்குரிய பொருள்தான் கிட்டவில்லை. பாலாற்றங்கரையை அடுத்த தெருவொன்றில் இளமை முதல் நாம் 'அண்ணா' என்றழைத்துப் பழகிய கூத்தர் ஒருவர் வசிக்கின்றார். அவரைக் காணச் சென்றபோது, நகைக்கடையார் இனாமாகக் கொடுத்த நாட்காட்டி ஒன்று அவர் வீட்டுச் சுவரில் தொங்கக் கண்டோம். கண்ட மாத்திரத்தில் பொருள் கிடைத்துவிட்டது.

பங்குனி பிறப்பது முதல் ஆடி முடிவது வரையுள்ள தாள்களில் சிவப்பு மையால் வட்டங்கள் இடப்பட்டிருந்தன. சிலவிடத்துப் பத்து நாட்கள் தொடர்ந்து வட்டமுற்றுக் கிடந்தன. அவை ஓரூரில் நிகழும் பாரதக் கூத்து. நீல மையால் 'பா' என்று குறித்தவை பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்ட நாட்கள். அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடி ஞாயிறுகளில் தாலாட்டுப் பாடுதலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் பஜனைக்குச் செல்லுதலும் அவற்றுள் அடங்கும். ஐப்பசி, கார்த்திகைத் தாள்களில் ஒரு கீறலும் இல்லை. அடைமழையில் வெட்டவெளிக் கூத்து நடவாதன்றோ?

"நடுநடுவே சில தேதிகளை ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்களே, அண்ணா, ஓய்வுக்கோ?" என்று வினவினோம்.

"ஓய்வா? அவை எமன் குறிக்க வேண்டிய தேதிகள், தம்பி" என்று கூறி நகைத்தார்.

இதனை அறியாத அன்பர்க்குச் சிறிது விளக்குவோம். பழைய வட ஆர்க்காட்டுச் சீமையில், இறந்தாரைக் குறித்துச் செய்யும் கருமாதிக்கு முன்னிரவில் 'கர்ண மோட்சம்' ஆடுவிக்கும் வழக்கம் உண்டு. சாவுக்கு முன்கூட்டித் தேதி இல்லை. ஆதலின் கூத்தாடுவோர் சில இரவுகளைக் கைவசம் வைத்திருப்பர். வருமானம் நோக்கி அங்ஙனம் காத்திருப்பது கேட்பதற்குக் கொடிதாகத் தோன்றலாம். துக்க வீட்டாரோ அவர் வந்து பாடினால்தான் தம் கடன் தீர்ந்ததென்று எண்ணுகின்றனர்.

மற்றைத் தேதிகள் வருவது வேறு விதம். திரௌபதியம்மன் கோயிலையுடைய ஊரார் நால்வர் ஐவராகப் புறப்பட்டு வந்து, வெற்றிலை பாக்குடன் அச்சாரப் பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பர். தட்டை வாங்கிய பின் தேதி மாறாது. பாரதம் நடக்கும் நாட்களில் பிற்பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். அன்றைய கதையை இரவில் ஜமாவினர் ஆடிக் காட்டுவர். அருச்சுனன் தபசன்று வேடக்காரர் வானுற நட்ட தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சங்கனியும் விபூதியும் வீசுவார். மகப்பேறு விரும்பும் மங்கையர் கீழே மடியேந்தி நிற்பர். கடைசி நாட் காலையில் படுகளம். மண்ணாற் செய்த மாபெரும் துரியோதனன் தரையிற் கிடப்பான். வீமனும் துரியோதனனும் அவ்வுருவத்தைச் சுற்றி ஓடிப் பொருவர். தொடை பிளந்தபின் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி. நமது அண்ணா பகலில் வேனிற் படுத்துறங்கி, இரவில் இவற்றையெல்லாம் ஆடி, மறுநாள் அடுத்த ஊர்ப் பந்தலை அடைவார்.

கூத்துப் பாட்டைக் கச்சேரிப் பாட்டோடு ஒப்பிட்டு இகழ்வார் சிலரை நாம் கண்டதுண்டு. அன்னார் ஒரிரவு முகவீணைக்குப் பக்கத்தில் அமர்ந்து கேட்டல் வேண்டும். அச்சிறு குழலின் சுருதி மிக உச்சமானது. அந்த உச்சத்துக்குத் தொண்டையைத் திறந்து, கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் உடலை இறுக்க, கிறுகிறுவென்று சுழன்று வந்து நின்று, மூச்சு வாங்காமல் அடுத்த அடியைப் பாடவேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரையில் இதுவே வேலை. மத்தளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட காலந்தொட்டு நம் ஊர் தோலாற் பிழைக்கும் ஊர். ஆயினும் எத்துணைச் சிறப்பாகப் பதனிட்ட தோலும் மத்தளத்துக்கு உதவாது. பதனிடாத தோலே நாதம் தரும். அண்ணா இதனை அடிக்கடி சொல்லிப் பெருமைப்படுவார். தாம் பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்பில் விட்டதற்கும் இதையே சமாதானமாகக் கூறுவதுண்டு.

தேதிக்குத் தேதி ஒப்பந்தம் பேசிப் பாடி நடித்துப் பிழைத்தல் தமிழ்நாட்டில் இவர் ஒருவர்க்கு உரியதன்று. தென்பாண்டிச் சீமையில் ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறை உண்டு. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோரூரிலிருந்தும் வந்து, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்தித்து 'வள்ளி திருமண'த்தை நடத்திவிடுவர். அதற்கு வழிசெய்தவர் 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள். அவர் இயற்றிய வசனமும் பாட்டும் எல்லார்க்கும் பாடமாயிருந்தமையால் ஒத்திகை வேண்டாதாயிற்று. இருபத்தேழாண்டே வாழ்ந்து 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவும், அவரை மணந்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் அம்மரபின் மணிகள். கணவர் மறைவுக்குப் பின் ஆடவரோடு சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதிகொண்ட அவ்வம்மையார் 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் புனைந்து பாடினார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வடக்கே நம் பக்கத்துக் கூத்தர்க்கு அத்தகைய ஊதியம் கனவிலும் இல்லை. வந்த பணத்தில் வேன் வாடகை போக, மிஞ்சியதைப் பங்கு பிரித்துக்கொள்வர்.

'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்பது நாமெல்லாம் அறிந்த பழமொழி. விடியாதா என்று ஏங்குவோன் ஒருவன். பொழுது சாயாதா என்று ஏங்குவோன் மற்றொருவன். நமது அண்ணா இரண்டு திசையும் பார்ப்பவர். மழைக்காலத்து மாதங்களில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கூலிக்குத் தோல் அடுக்குகின்றார். 2020-ஆம் ஆண்டு பங்குனி பிறந்து பத்து நாள் கழிந்ததும் ஊரடங்கு வந்து, அவ்வாண்டின் சிவப்பு வட்டங்கள் அனைத்தையும் அடித்துச் சென்றபோது, தொழிற்சாலையும் சேர்ந்தே மூடிக்கிடந்தது. எந்தத் திசையும் பார்ப்பதற்கில்லாமற் போன காலம் அது ஒன்றுதான் என்பார்.

இங்கே நம்மைப் பற்றியும் கூறாமலிருத்தல் நேர்மையாகாது. 1994-இல் நாம் கல்லூரி மாணவராயிருந்தபோது விடுதித் தோழர் மூவர் நம்முடன் ஊருக்கு வந்திருந்தனர். அருகேயுள்ள ஒரு கிராமத்துப் பாரதக் கூத்துக்கு வேடிக்கையாகச் சென்று, வருவோர் கண்ணிற் படாதவாறு கடைசி வரிசையில் அமர்ந்தோம். விடிந்ததும் அண்ணா அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு வந்து, "தம்பி, படிப்பெல்லாம் எப்படி?" என்று கேட்டார். தோழர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தனர். ஒரு சொல்லில் விடைகூறிவிட்டு நடந்தோம். இவர் யார் என்று அவர்கள் வினவ, "ஊரில் யாரோ தெரிந்தவர்" என்றோம். அச்சொல் அவர் காதில் விழும் தூரத்தில்தான் அவர் நின்றார்.

அவர் அதனை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 2014-இல் எந்தை காலமானபோது, சொல்லியனுப்பு முன்னரே ஜமாவோடு வந்துவிட்டார். அன்றிரவு கர்ணன் அவரே. பிறப்பறியாதவன் என்று பொன்னுருவி கணவனை இகழ்ந்துரைக்கும் கட்டம் வந்தது. போர்க்களம் செல்லுமுன் விடைபெற வந்தவனை அவள் ஏற இறங்கப் பார்த்துப் பழிக்கின்றாள். கர்ணன் சினவாமல் தாழ்ந்த குரலில் தன் மறுமொழியைப் பாடினான். அவ்வேளை அவர் நம்மைப் பார்த்தாரோ, பார்க்கவில்லையோ அறியோம், நாம் தலைகுனிந்திருந்தோம். எந்தைக்காக அழுகின்றோம் என்று சுற்றத்தார் நினைத்துத் தேற்றினர். விடியலில் கண்ணன் முதிய அந்தணனாய் வந்து கர்ணனிடம் எஞ்சியிருந்த புண்ணியத்தையும் யாசித்து வாங்க, வீட்டிலிருந்த பெண்டிர் எல்லாரும் வாய்விட்டழுதனர். பணம் வாங்க அண்ணா மறுத்துவிட்டார். மத்தளக்காரர்க்கும் முகவீணைக்காரர்க்கும் உரிய பங்கை மட்டும் கேட்டுப் பெற்றார்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். அவர் பேசும்போது குரல் பிசிறுவதை முதலிலேயே கவனித்தோம். வற்புறுத்திக் கேட்டதற்குப் பின் உண்மை வெளிவந்தது. வேலூரில் தொண்டையைச் சோதித்த மருத்துவர் குரல் நாண்களில் கட்டிகள் தடித்திருக்கின்றன என்றும், மூன்று மாதம் பாடவே கூடாது, உரக்கப் பேசவும் கூடாது என்றும் சொல்லிவிட்டாராம். ஆனால் அச்சாரம் வாங்கியாயிற்று, வாங்கியது செலவாயிற்று. திருப்பித் தர வழியில்லை. வழியிருந்தாலும், வெற்றிலை பாக்கு மாற்றிய தேதியைத் திருப்பிக் கொடுத்த வாத்தியார் என்ற பெயரை அவர் தாங்கமாட்டார். "சிறு வேடங்களாக மாற்றிக்கொள்ளலாகாதா?" என்றோம். "கட்டியங்காரனுக்குக் குரல் வேண்டாமா, தம்பி?" என்றார்.

அவ்வமயம் அவர் மகள் பணிமுடிந்து வந்தாள். காலணி மேற்புறம் தைக்கும் வேலை, வயது இருபத்திரண்டு. கை கால் கழுவிவிட்டு வந்து நமக்குத் தேநீர் கொடுத்தாள். நாம் மீண்டும் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வைகாசித் தாளில் ஒன்றைக் கண்டோம். பத்து வட்டங்கள் தொடர்ந்து வரும் ஓரிடத்தில், பதினேழாம் நாட் போருக்குரிய இரவின் கட்டத்தில், பென்சிலால் அழகிய சிறு எழுத்துகளில் 'கர்ணன் - நான்' என்றெழுதியிருந்தது. அண்ணாவின் கையெழுத்து அதுவன்று.

தெருக்கூத்தில் பெண் வேடத்தையும் ஆடவரே கட்டி வந்தது நெடுநாள் மரபு. பெருங்கட்டூர் நாடகக் கலைஞர் இராசகோபால் 2002-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் பயின்று, ஆண் வேடமும் கட்டி ஆடினர். ஆயினும் நம் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் கர்ணன் கட்டியதை நாம் கண்டதில்லை.

"எங்கே கற்றாய், அம்மா?" என்று வினவினோம்.

"கற்பதற்கு எங்கே போகவேண்டும், சித்தப்பா? பிறந்தது முதல் இந்த வீட்டில் காதை மூடிக்கொண்டா இருந்தேன்?" என்றாள். பிறகு தந்தையை நோக்கி, "நேற்றுச் சுருதி எட்டவில்லை என்றீர்கள். இன்று கேளுங்கள்" என்று கூறி உள்ளே சென்றாள். சற்று நேரத்தில் கதவுக்கு அப்பாலிருந்து பாட்டு எழுந்தது. மேலே ஓரிடத்தில் குரல் தளர்ந்தது. மறுபடியும் முதலடியிலிருந்து தொடங்கினாள். அண்ணா வாய் திறவாமல் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை தளர்ந்த அதே இடத்தில் அவர் விரல் ஓங்கி விழுந்தது, குரல் எட்டிற்று.

"ஊராரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்றோம்.

"இன்னும் இல்லை. மாசியில் போய்ச் சொல்லவேண்டும். நாட்டாண்மைக்காரர் ஒருவர் ஒப்பமாட்டார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கேட்டுப் பார்த்துச் சொல்வார்கள்." சிறிது பேசியதற்கே அவர் கை தொண்டையைத் தடவிக்கொண்டது. பின்பு குரலைத் தாழ்த்தி, "வைகாசியில் கல்லூரிக்கு விடுமுறைதானே, தம்பி? வந்து முன்வரிசையில் உட்காருங்கள்" என்றார்.

அத்தேதியை நமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம்.