நீர் இறங்கிய சமுத்திரம்

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு குளத்துக்குச் 'சமுத்திரம்' என்று பெயரிடுவது சற்று மிகையாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் இங்கினியாகலை அணைக்கட்டின்மேல் ஏறி நிற்கும்வரை. கிழக்கே நாங்கள் வந்த வழியில் அம்பாறையின் வயல்வெளிகள். மேற்கே ஊவா மலைகளின் அடிவாரம்வரை ஒரே நீர்ப்பரப்பு. நடுநடுவே பச்சைக் குன்றுகள் தீவுகளாய் மிதந்தன. முன்னொரு காலத்தில் அவை காட்டுமேடுகள். பட்டிப்பளை ஆறு என்று நம்மவர் வழங்கிய கல்லோயாவை மறித்து அணை கட்டும் வேலை 1949ஆம் ஆண்டு தொடங்கிற்று. நீர் ஏற ஏறப் பள்ளங்கள் மூழ்கின. மேடுகள் மட்டும் தலைதூக்கி நின்றுவிட்டன.

சேனநாயக்க சமுத்திரம் நிரம்பினால் ஏறக்குறைய 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீர் கொள்ளும் என்பர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஓர் ஏக்கர் அடி. இக்கணக்கை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளோ யானையைக் காணும் ஆவலில் வள்ளத்துறைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைய பயணத்தை நான் மறப்பதற்கில்லை. கரையிலிருந்து கால் நனையாமலே வள்ளத்தில் ஏறினோம். காலைக் காற்று முகத்தில் அடித்தது. தீவுகளுக்கிடையே அரைமணி நேரம் ஓடியபின் வள்ளமோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கையை நீட்டினார். நீருக்குமேல் கரிய மேடு ஒன்று அசைந்து வந்தது. அதற்கு முன்னே தும்பிக்கையின் நுனி. ஒரு தீவின் புல்லை மேய்ந்து முடித்த யானை, மற்றொரு தீவுக்கு நீந்திப் போய்க்கொண்டிருந்தது. கரையேறியதும் உடம்பில் நனைந்த பாகமெல்லாம் கறுத்து மினுங்க, நனையாத முதுகுமட்டும் சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. என் மகள் மூச்சுவிடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சியை அவள் வீட்டில் சொல்லாத நாளில்லை. முடிவில் என் மாமனாரே, "எனக்கும் ஒருக்கால் காட்டு, மகள்" என்று கேட்டுவிட்டார். அவர் மண்டூர்ப் பக்கத்து வயற்காரர். வாழ்நாளெல்லாம் கல்லோயாத் தண்ணீரில் நெல் விளைத்தவர். ஆனால் அந்தத் தண்ணீர் தேங்கிநிற்கும் இடத்தை ஒருமுறையும் கண்டதில்லை. பாடசாலை விடுமுறைக்கு நாட் கணக்குப் பார்த்ததில் ஆடி மாதம் பிற்பகுதியில்தான் புறப்பட முடிந்தது.

துறைக்குப் போனதும் என் மகள் திகைத்து நின்றாள். பங்குனியில் நாங்கள் ஏறிய இடத்தில் காய்ந்து வெடித்த சேறு. நீரோ அப்பால் வெகுதூரத்தில் ஒரு வெள்ளிக்கோடாய் மினுங்கிற்று. செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு நடந்தோம். வள்ளத்தில் வழமையாக ஏற்றும் ஆட்களில் பாதிப்பேரையே ஏற்றினார்கள். கட்டணம்மட்டும் பாதியாகவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். புறப்பட்ட சிறிது நேரத்தில் இயந்திரத்தை மேலே தூக்கிவிட்டு, ஓட்டி கோல் ஊன்றத் தொடங்கினார். ஏனென்று குனிந்து பார்த்தால், கலங்கிய நீருக்குள்ளே மரங்கள்! அணை கட்டியபோது மூழ்கிப்போன காட்டு மரங்களின் பட்ட முண்டங்கள் அவை. நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் வள்ளம் அவற்றின் தலைக்குமேலே ஓடிவிடும். நீர் முற்றாக வற்றினால் அவை கண்ணுக்குத் தெரியும்; விலகிப் போகலாம். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே மறைந்து நிற்கும்போதுதான் ஆபத்து. இயந்திர விசிறி அதில் மோதினால் முறியும். வேகமாகப் போனால் வள்ளத்தின் அடியே பிளந்துவிடும்.

"மாத்தயா, போன கிழமை இந்தப் பக்கத்தால் போனேன். இன்றைக்குப் போகேலாது," என்றார் வள்ளமோட்டி, தமக்குத் தெரிந்த தமிழில். அவர் சிங்களவர், நீர்மட்டத்தை நாள்தோறும் மனத்தில் வரைபடமாய்த் திருத்தி வைத்திருப்பவர். தீவுகளை எட்டுமுன்னே திரும்ப வேண்டியதாயிற்று. சென்றமுறை யானை நீந்திய இடம் எது என்று மகள் கேட்டாள். ஓட்டி காட்டிய திசையில் ஒரு புல்வெளி கிடந்தது.

மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒரு கணக்கு இதில் உண்டு. நீர் ஓரடிதான் இறங்கிற்று என்று வைத்துக்கொள்வோம். கரை நூறடிக்கு ஓரடி வீதம் சரிந்திருந்தால், நீர்விளிம்பு நூறடி பின்வாங்கிவிடும். பத்தடி இறங்கினால் ஆயிரமடி சேற்றில் நடக்கவேண்டும். செங்குத்தான கரையில் துறை அமைத்தால் இத்தொல்லை குறைவு. ஆனால் அங்கே முதியோரும் பிள்ளைகளும் ஏறி இறங்குவதெப்படி? அன்றியும், குளம் என்பது வாய் அகன்ற சட்டி போன்றது. மேலே ஓரடியில் நிற்கும் நீர், கீழே ஓரடியில் நிற்பதிலும் பலமடங்கு. ஆகவே வாய்க்காலுக்கு நாள்தோறும் ஒரே அளவு நீர் விட்டாலும், சித்திரையில் விரலளவாய் இறங்கிய மட்டம் ஆடியில் சாணளவாய் இறங்குவதுபோலத் தோன்றும். வள்ளமோட்டிகளுக்கு இது ஏட்டுக் கணக்கன்று, பிழைப்புக் கணக்கு.

"இவ்வளவு தண்ணியும் எங்கே போயிற்று, அம்மப்பா?" என்றாள் என் மகள், அழாக் குறையாக.

மாமனார் சிரித்தார். "எங்கே போகும் மகள்? என்ர வயலுக்குள்ளதான் நிக்குது!"

அவர் சொன்னது வேடிக்கைக்கன்று. வெயிலில் ஆவியாவதும் நிலத்தில் ஊறுவதும் ஒருபுறமிருக்க, பெரும்பகுதி துருசு வழியே இறங்கி வாய்க்கால்களில் ஓடியிருந்தது. கார்த்திகை, மார்கழி மழையில் குளம் நிரம்பும். சித்திரையில் சிறுபோகம் தொடங்கும். பிறகு மழையை நம்ப முடியாது. ஓர் ஏக்கர் நெல் அறுவடைக்கு வருமுன் நாலைந்து அடி நீரைக் குடித்துவிடும். ஆடியில் மண்டூரில் கதிர் பால்பிடிக்கும்போது இங்கே வள்ளம் தரைதட்டுகிறது.

இச்சங்கடம் நமக்குமட்டும் உரியதன்று. இவ்வணையைக் கட்டிய மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி, 1930களில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளுள் ஒன்று. அவ்வணையின் பின்னே தேங்கிய மீட் ஏரி, வள்ளப் பொழுதுபோக்குக்குப் பேர்போனது. நிரம்பினால் அதன் மட்டம் கடலுக்குமேல் 1,229 அடி. 2022ஆம் ஆண்டு யூலையில் அது ஏறக்குறைய 1,040 அடிக்கு இறங்கிற்று. அங்கே வள்ளத்தைக் காரின் பின்னே கட்டி இழுத்துவந்து, சிமெந்துச் சரிவினால் நீரில் இறக்குவது வழக்கம். ஏரி இறங்க இறங்க அச்சரிவுகள் வெறுந்தரையில் முடிந்தன, பல மூடப்பட்டன. மிதக்கும் துறைகளை ஆழமான இடம் தேடி இழுத்துச் சென்றார்கள். 1938இல் மூழ்கிய செயின்ற் தோமஸ் என்னும் சிற்றூரின் சுவர்கள் வெளிப்பட்டன; இரண்டாம் உலகப் போர்க்காலத்து இறங்குபடகு ஒன்றும் தலைகாட்டிற்று. காரணம், நீண்ட வறட்சியும், ஆறு தரக்கூடியதற்கு அதிகமாக 1922ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பங்கிட்டு எழுதிவிட்டதும். அந்த ஏரி ஒருமுறை இறங்கினால் அடுத்த மாரியில் நிரம்புவதில்லை. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள்.

எனினும் நமக்கும் மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. திரும்பும் வழியில் மாமனார் 1981ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார். அந்தச் சிறுபோகத் தொடக்கத்தில் சமுத்திரத்தில் நாலிலொரு பங்கு நீர்தான் இருந்தது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைவாலில் தமிழ்க் கமக்காரர். பற்றாக்குறை வந்தால் தலைப்பிலுள்ளவன் மடையை அடைப்பானா? ஆனால் அவ்வாண்டில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய இளம் அமைப்பாளர்களின் தூண்டுதலால், மேல்வாய்க்கால் கமக்காரர் தாமே கூடி வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர்பாய்ச்சி, மிச்சம்பிடித்ததைக் கீழே விட்டார்கள். "அந்த ஆண்டு தண்ணி வருமெண்டு நாங்கள் ஒருத்தரும் நம்பவில்லை, மருமகன்," என்றார்.

இதையெல்லாம் கேட்ட பின்னும், என் மகளின் ஏமாற்றம் நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். வள்ளமோட்டிகளின் குறையும் நியாயமானதே. தூரதேசத்திலிருந்து வருபவர்களுக்கு நீந்தும் யானையைக் காட்டுவதாய்ச் சொல்லிவிட்டுச் சேற்றைக் காட்டுவது முறையா? பங்குனிமுதல் ஆனிவரை வருவதே நலம் என்று முன்கூட்டியே கூறிவிட்டால் வீண்மனத்தாங்கல் இல்லை. பருவம் பார்த்துக் கோயிலுக்குப் போகிறோம். குளத்துக்கும் அப்படியே போகலாமே.

நீர் இறங்குவதால் யானைக்குக் கேடென்றும் எண்ணவேண்டாம். நீர் விலகிய ஈரநிலத்தில் இளம்புல் முளைக்கும்; கோடையில் யானைக்கு அதுவே விருந்து. மின்னேரியாவில் ஆவணி, புரட்டாதியில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது இதற்காகவே. மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் இயங்கத் தொடங்கியபின், கோடையிலும் நீர் நிறைத்துவைக்கப்பட்ட ஆண்டுகளில் அங்கே புல்வெளி மூழ்கிப்போய் யானைகள் குறைந்தன. குளம் நிறைந்திருந்தால் எல்லாருக்கும் நலம் என்ற என் எண்ணம் அங்கேதான் பிழைத்தது.

மாலையில் வீடு திரும்பும்போது இடதுகரை வாய்க்கால் ஓரமாய் வண்டியை நிறுத்தச் சொன்னார் மாமனார். சமுத்திரத்தில் காணாத வேகம் அந்த வாய்க்காலில் இருந்தது. இருகரையும் தொட்டு நீர் ஓடிற்று. என் மகள் பூவரசம் இலையொன்றைப் பறித்து நீரில் விட்டு, அது எப்போது மண்டூருக்குப் போய்ச்சேரும் என்று கேட்டாள்.

"இடையிலே எத்தனை மடை இருக்குது, மகள்! அத்தனை பேரும் விட்டால்தான்," என்றார் அவர். இலை வளைவில் திரும்பி மறையும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.