பழங்கதவின் மறுவாழ்வு

சிவகங்கை மாவட்டத்தின் செம்மண் நிலத்தில் காரைக்குடி என்னும் நகரம் உள்ளது. அதனைச் சூழ்ந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டை முதலிய ஊர்கள் விளங்குகின்றன. இப்பகுதியைச் செட்டிநாடு என்பர். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடுகளே இந்நாட்டின் தனிச்சிறப்பு. அவ்வீட்டின் தலைவாயிலில் நின்று நோக்கினால், வரிசையாகத் திறந்து நிற்கும் கதவுகளின் வழியே, வளவையும் அடுத்தடுத்த கட்டுகளையும் கடந்து பின்வாயில் வரையில் கண் செல்லும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று பெரும்பொருள் ஈட்டினர். அப்பொருளால் எழுந்தவை இவ்வீடுகள். பர்மாவிலிருந்து தேக்குமரம் கப்பலேறி வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. ஐரோப்பிய நாடுகளிலிருந்து நிலைக்கண்ணாடிகளும் வண்ணக் கண்ணாடிகளும் வந்தன. கதவுகளின் மேல்வளைவுகளிலும் சாளரங்களிலும் நீலமும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடிகளைத் தச்சர் பதித்தனர். காலைக் கதிர் அவற்றினூடே புகும்பொழுது, தரையெங்கும் வண்ணக் கோலம் விரியும்.

செல்வம் நிலையாமை உடையது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை பர்மாவிற் புகுந்தது. அங்கே தொழில் செய்து வந்தவர் பலர் உடைமைகளைத் துறந்து தாயகம் திரும்பினர். வருவாய் குன்றியது, வீடோ பெரியது. தந்தைக்குப் பின் மக்களுக்கும், அவருக்குப் பின் பேரர்க்கும் பங்கு பிரிந்தமையால், ஒரு வீட்டுக்கு உரியவர் பலராயினர். பழுது பார்க்க ஒருவர் விரும்பினும், செலவைப் பகிர மற்றவர்க்கு இயலவில்லை. இவ்வாறு சில வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின, சில இடிக்கப்பட்டன.

இடிந்த வீட்டின் பொருள்கள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளை அடைகின்றன. அங்கே தூண்கள், நிலைகள், பெட்டகங்கள், பீங்கான் பூச்சுப் பாத்திரங்கள் ஆகியவற்றோடு கண்ணாடி பதித்த கதவுகளும் சுவரிற் சார்த்தப்பட்டிருக்கும். புதுவீடு கட்டுவோர் அவற்றை நாடி வருகின்றனர்.

பழங்கதவை வாங்குவோர்க்குப் பொறுமை வேண்டும். வாயிலை முன்னே கட்டிவிட்டு, அதற்கு இசையுமாறு பழங்கதவை அறுப்பது பேதைமை. அறுத்தால் பொருத்துவாய் தளரும். கதவை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு ஏற்ப வாயில் அமைப்பதே முறை. தேர்ந்த தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்து, கறையான் அரித்த இடத்தை ஓசையால் அறிவார். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஆதலின் அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பாமல், நனைத்தே நீக்குதல் நன்று.

கண்ணாடி இன்னும் கருத்தோடு கையாளத்தக்கது. பழங்கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற கூர்ந்த சில்லுகளாகச் சிதறும். இக்காலத்துப் பதப்படுத்திய கண்ணாடியோ சிறு மணிகளாக உதிரும். ஆகவே, குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் கதவின் கீழ்ப்பகுதியில் பலகையை அமைத்து, பழங்கண்ணாடியைக் கைக்கெட்டா உயரத்தில் வைப்பர். எனினும் பழங்கண்ணாடிக்கு ஒரு நலன் உண்டு. பதப்படுத்திய கண்ணாடியை வெட்ட இயலாது. பழங்கண்ணாடியை வைரமுனைக் கருவியாற் கீறி, வேண்டிய அளவுக்கு முறித்துக் கொள்ளலாம். ஒரு கதவில் உடைந்த இடத்தை மற்றொரு கதவின் எஞ்சிய துண்டு நிரப்பும். இவ்வாறு செப்பனிட்ட கதவு, கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே தடுப்பாகலாம். நூல் அடுக்கும் அலமாரிக்கு மூடியாகலாம். இருண்ட அறைக்கு ஒளி தரும் சாளரமும் ஆகலாம்.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. மணலை உருக்கிக் கண்ணாடி செய்ய ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். தேக்கு முற்றி வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். உள்ள கதவை மீண்டும் பயன்படுத்தினால் அத்தனை எரிபொருளும் ஒரு மரமும் எஞ்சும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா என்னும் காட்சியகத்தில், பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வீடும் அங்கே உண்டு.

ஆயினும் இங்கே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கதவுக்கு விலை மிகுந்தால் வீட்டுக்கு ஆயுள் குறையும். வீழ்ந்த வீட்டின் கதவை எடுத்தல் காப்பு. கதவின் விலைக்காக நின்ற வீட்டை வீழ்த்துதல் அழிப்பு. கடையிற் சார்த்திய இரு கதவுகளைக் கண்ணாற் கண்டு, இது இவ்வகை, அது அவ்வகை எனப் பிரித்தறிதல் அரிது. ஆதலின், வாங்குவோர் விலையை மட்டும் வினவாது, அது வந்த வழியையும் வினவுதல் கடமையாகும்.

நிற்கின்ற வீட்டைப் பேணுவதே முதற்பணி என்பதை உணர்ந்தோரும் உளர். செட்டிநாட்டு வீடுகள் சில செப்பனிடப்பெற்று, விருந்தினர் தங்கும் விடுதிகளாக வாழ்கின்றன. 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன.

ஒரு கதவுக்கு உகந்த இடம் அது பிறந்த வீட்டின் வாயிலே. அவ்வீடு மறைந்தபின், அக்கதவை அடுப்புக்கு இரையாக்காமல், மற்றொரு வீட்டின் வாயிலில் நிறுத்துவது அதனைச் செய்த கைகளுக்குச் செலுத்தும் நன்றி. வீட்டைக் காக்க இயன்றபொழுது வீட்டைக் காப்பதும், இயலாதபொழுது கதவையேனும் காப்பதும் அறிவுடையோர் செயலாகும்.