மாடிசன் நகரத்து ரேடியோ

அமெரிக்க தேசத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் நியூயார்க் நகரத்து மாட மாளிகைகளையும் நயாகரா நீர்வீழ்ச்சியையும் கண்டு களித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். விஸ்கான்ஸின் மாகாணத்துத் தலைநகரான மாடிசனைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் மிகச் சிலரே. சிகாகோவிலிருந்து வடமேற்கே சுமார் 150 மைல் தூரத்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே குறுகிய நிலத்துண்டு ஒன்றின் மேல் அந்த நகரம் அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் மெண்டோட்டா ஏரி. மறு பக்கம் மொனோனா ஏரி. மேட்டின் மேல் வெள்ளைக் கோபுரத்துடன் சட்டசபை மாளிகை நிற்கிறது. அதன் வாசலிலிருந்து மேற்கே ஒரு வீதி நேராகச் செல்கிறது. அந்த வீதியில் ஒரு மைல் நடந்தால் சர்வகலாசாலைக்கு வந்துவிடலாம்.

இப்படி ராஜாங்கமும் கல்வியும் ஒரே வீதியின் இரண்டு முனைகளில் எதிரெதிராக அமர்ந்திருப்பது இந்த ஊரின் விசேஷம். நான் அங்கே போனது ஏரிகளைப் பார்ப்பதற்காக அல்ல. அந்தச் சர்வகலாசாலை நடத்தும் ரேடியோ நிலையத்தின் கதையைத் தெரிந்துகொள்வதற்காக.

கதையின் ஆரம்பத்தைப் பாலிலிருந்து தொடங்க வேண்டும். விஸ்கான்ஸின் பசு மாடுகளுக்கும் பாலுக்கும் பெயர் போன பூமி. பாலில் வெண்ணெய்ச் சத்து எவ்வளவு என்று எளிதில் கண்டுபிடிக்கும் முறையை 1890-இல் இந்தச் சர்வகலாசாலை ஆசிரியர் ஸ்டீபன் பாப்காக் கண்டுபிடித்தார். தண்ணீர் கலந்த பாலுக்கும் நல்ல பாலுக்கும் ஒரே விலை என்ற அநியாயம் அதோடு ஒழிந்தது. அவர் நினைத்திருந்தால் அந்த முறைக்கு உரிமைப் பத்திரம் வாங்கிப் பெரும் பணக்காரராகியிருக்கலாம். அவரோ அதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் ஊர்ப் பழமொழி. அதைக் கறிக்கு உதவும்படி செய்ய வேண்டும் என்பதே இங்குள்ள பெரியோர்களின் நோக்கமாக இருந்தது. 1903 முதல் 1918 வரை சர்வகலாசாலைத் தலைவராக விளங்கிய சார்லஸ் வான் ஹைஸ், கல்வியின் நன்மை மாகாணத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேரும் வரையில் தமக்குத் திருப்தி கிடையாது என்று சொன்னார். ஆனால், காடும் வயலுமாகப் பரந்து கிடக்கும் மாகாணத்தில், பனிக்காலத்தில் பாதையே மூடிப் போகும் பண்ணை வீட்டுக்கு ஆசிரியர் எப்படிப் போய்ச் சேருவார்?

அதற்கு வழி பௌதிக சாஸ்திர இலாகாவில் பிறந்தது. கம்பியில்லாத் தந்திப் பரிசோதனைக்காகச் சர்வகலாசாலையில் 9 எக்ஸ் எம் என்ற அடையாள எழுத்துக்களுடன் ஒரு நிலையம் ஏற்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு பேராசிரியர் எர்ல் டெர்ரியிடம் வந்தது. 1916 டிசம்பரில் அவர் வானிலை அறிக்கையைத் தந்திக் குறிகளாக ஆகாயத்தில் அனுப்பத் தொடங்கினார். தபாலில் வரும் அறிக்கை கைக்குக் கிடைப்பதற்குள், அறுத்துப் போட்ட புல்லை மழை நனைத்துவிட்டுப் போயிருக்கும். இப்போது செய்தி நொடியில் வந்தது. ஆனால் "கட்டு, கடகட" என்னும் அந்தப் பாஷை குடியானவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கேட்டு எழுதி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மனிதக் குரலையே அனுப்ப வேண்டும் என்று டெர்ரி தீர்மானித்தார். அதற்கு வேண்டிய வால்வுகள் கடையில் கிடைக்கவில்லை. அவரும் அவருடைய மாணவர்களும் கண்ணாடியை ஊதி, காற்றை வெளியேற்றி, வால்வுகளைத் தாங்களே செய்தார்கள். பல நாள் உழைத்துச் செய்த வால்வு சில மணி நேரத்தில் எரிந்து போவதும் உண்டு. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். 1917-இல், புதிதாகக் கட்டப்பட்ட ஸ்டெர்லிங் மண்டபத்திலிருந்து பேச்சும் சங்கீதமும் ஆகாய மார்க்கமாகச் சென்றன. அவ்வாண்டிலேயே அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. மற்ற நிலையங்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட சர்க்கார், பெரிய ஏரிக் கரையிலிருந்த கடற்படையாருடன் சம்பாஷிப்பதற்காக இந்த நிலையத்துக்கு விசேஷ அனுமதி கொடுத்தது.

யுத்தம் முடிந்த பின், 1921 ஜனவரியில் வானிலை அறிக்கையை மனிதக் குரலிலேயே ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பின்னர் சந்தை விலைகளும் சேர்ந்துகொண்டன. சந்தையில் என்ன விலை என்று தெரிந்த குடியானவனை எந்த வியாபாரி ஏமாற்ற முடியும்? 1922 ஜனவரி 13-ஆம் தேதி நிலையத்துக்கு டபிள்யூ எச் ஏ என்ற புதிய பெயர் வந்தது. யந்திரத்தை டெர்ரி கவனித்துக்கொண்டார்; அதில் என்ன பேசுவது என்பதை வெளியூர்க் கல்வி இலாகாவைச் சேர்ந்த வில்லியம் லைட்டி கவனித்துக்கொண்டார். 1929-இல் டெர்ரி காலமானார்.

சர்வகலாசாலையில், 'தேசத்திலேயே மிகப் பழைய ரேடியோ நிலையம்' என்று ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. இதைப் பிட்ஸ்பர்க்காரர்களும் கலிபோர்னியாக்காரர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவரவர் ஊருக்கு அவரவர் ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு எல்லாத் தேசத்திலும் உண்டு போலிருக்கிறது! என்னைக் கேட்டால், முதலில் பிறந்தது பெரிதல்ல. பிழைத்திருந்ததுதான் பெரிது என்பேன்.

ஏனென்றால், 1921 முதல் 1936 வரை அமெரிக்கக் கல்வி ஸ்தாபனங்களுக்கு 202 ரேடியோ அனுமதிகள் வழங்கப்பட்டன. அவற்றில் 164 காலாவதியாயின, அல்லது கைமாறிப் போயின. மிஞ்சியவை 38. சோப்பும் சிகரெட்டும் விற்கும் வியாபார நிலையங்கள் ஆகாயத்தில் நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டன. கலாசாலைகளுக்கோ குறைந்த சக்தியும் வசதியற்ற நேரமும் கிடைத்தன. வழக்காடுவதற்கு வக்கீல் பீஸ் கொடுக்க முடியாமலும், பணமுடையாலும் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். ஊருணியைத் தனியாருக்குக் குத்தகை விட்ட கதைதான்.

மாடிசன் நிலையத்துக்கும் சோதனை வராமலில்லை. பொழுது சாய்ந்தால் அது மௌனமாகிவிட வேண்டும் என்பது சட்டம். பகலில் வயலில் உழைத்த குடியானவன் இரவில் கேட்கலாமென்றால் நிலையம் தூங்கிப் போயிருக்கும். 'சரி, பகலில் யார் ஓய்வாக உட்கார்ந்து கேட்பார்கள்?' என்று யோசித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! 1931-இல், ஹெரால்ட் மக்கார்ட்டி நிர்வாகியாக இருந்தபோது, 'ஆகாயப் பள்ளிக்கூடம்' தொடங்கியது. ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தும் சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகளில், மேஜை மேல் வைத்த ரேடியோப் பெட்டி இன்னோர் ஆசிரியர் ஆயிற்று. எட்கர் கார்டன் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். முகம் தெரியாத குருவிடம் பாடம் கேட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில் மாடிசனுக்கு வந்து ஒன்றாகச் சேர்ந்து பாடினார்கள். 'ரேஞ்சர் மாக்' என்ற பெயரில் வேக்லின் மக்னீல் காட்டையும் பறவைகளையும் பற்றிக் கதை சொன்னார். சட்டம் விதித்த தடையே நிலையத்துக்கு வேர் பிடிக்க இடம் கொடுத்துவிட்டது.

ஏரியின் பக்கமாக நடந்து போகையில், செங்கல்லால் கட்டிய சிறிய பழைய கட்டடம் ஒன்றைக் கண்டேன். ஒரு காலத்தில் சர்வகலாசாலை அறைகளைச் சூடாக்குவதற்கு வெந்நீராவி தயாரித்த பாய்லர் வீடு அது. 1934-இல் ரேடியோ நிலையம் அங்கே குடியேறியது. நீராவி போன இடத்தில் குரல் வந்தது. பிற்பாடு, 1947 முதல், எப். எம். முறையில் மாகாணமெங்கும் கோபுரங்களை நாட்டினார்கள். ஒரு கோபுரம் சொல்வதை அடுத்த கோபுரம் கேட்டு அதற்கடுத்ததற்குச் சொல்லும். அப்போதுதான் இரவிலும் பேசும் உரிமை கிடைத்தது.

ஆகாயப் பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்டு வளர்ந்த சிறுவர்களில் ஒருவர் வில்லியம் சீமரிங். இந்த நிலையத்திலேயே வேலை பழகிய அவர், தேசம் முழுவதற்குமான பொது ரேடியோ ஸ்தாபனம் ஏற்பட்டபோது அதன் லட்சியப் பத்திரத்தை எழுதினார். 1971 மே மாதம் அந்த ஸ்தாபனத்தின் தினசரிச் செய்தி நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. கிராமப் பள்ளியில் விதைத்தது தேசமெங்கும் விளைந்தது.

சோதனை இன்னும் முடிந்தபாடில்லை. பொது ஒலிபரப்புக்கென்று 1967-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட கார்ப்பொரேஷனுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை, 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அந்தக் கார்ப்பொரேஷன் கடையைக் கட்டப் போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நிலையங்கள் முன்னைவிட அதிகமாக, கேட்கிறவர்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கையையே நம்ப வேண்டியதாயிற்று.

கேட்கிறவர்கள் கொடுப்பார்களா? சட்டசபை மாளிகையை நோக்கித் திரும்பி நடக்கையில் என் மனத்தில் இந்தக் கேள்விதான் இருந்தது. விடை அந்த வீதியின் எந்த முனையிலும் இல்லை. வானிலை கேட்டுப் புல் அறுத்த பண்ணை வீட்டிலும், ரேடியோப் பெட்டியிடம் பாட்டுக் கற்ற குழந்தைகளின் பேரப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. தமக்காக யாரோ கண்ணாடியை ஊதி, வால்வு எரிய எரிய மறுபடியும் செய்தார்கள் என்பதை அவர்கள் மறவாதிருக்கும் வரையில், அந்தக் குரல் ஓயாது என்றே நினைக்கிறேன்.